மூன்றாம் நம்பர் பஸ்

சரயேவோவில் ஒரு கார் டிரைவர் தப்பான தெருவில் வண்டியைத் திருப்பினான், அங்கே பாய்ந்த துப்பாக்கிக் குண்டில் ஓர் உலகப் போரே கிளம்பியது என்று சுலோசனா டீச்சர் சொன்ன நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியிலிருந்து கோழஞ்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மனுஷன் இன்று வழக்கமான ரோட்டை விட்டுவிட்டு ஆரன்முளைப் பக்கம் திருப்பினால் உலகத்துக்கு என்னென்ன ஆகுமோ! அவர் திருப்பவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் மம்மி மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"டிரைவருக்கு வழி தெரியலன்னா இறங்கிக் கேக்கணும்" என்றாள் மம்மி. "அதுக்கு எதுக்குடி ரின்சி இப்படிக் கத்துற? உக்காந்து செதில எடு."

மம்மி பேர் ஏலியாம்மா. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். அவளுடைய தங்கைகள் மூன்று பேரும் நர்ஸ்கள்: ஒருத்தி டப்ளினில், ஒருத்தி வியன்னாவில், ஒருத்தி மஸ்கட்டில். எங்கள் குடும்பத்தில் பெண் பிறந்தால் முதலில் ஞானஸ்நானம், அப்புறம் நர்சிங், அப்புறம் விசா. என்னையும் பெங்களூரில் சேர்த்தார்கள். நாற்பதாவது நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பி.ஏ. வரலாற்றில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதினால் அதுவே ஒரு பாடமாக வைக்கலாம்.

கடைசியில் மம்மி ஓர் ஒப்பந்தம் போட்டாள். மூன்றாம் வருஷ ஆய்வேட்டில் எண்பது மார்க் வாங்கினால் எம்.ஏ. படிக்க ஹைதராபாத். ஒரு மார்க் குறைந்தாலும் மறுபடி பெங்களூர், வெள்ளை யூனிஃபார்ம்.

"நீ சொல்ற அந்த லண்டன், வியன்னா எல்லாத்தையும் நர்ஸா போனா நேர்லயே பார்க்கலாம்டி. புஸ்தகத்துல எதுக்குப் பார்க்கணும்?" என்பாள். வியன்னாச் சித்தி இருபது வருஷமாக அங்கே இருக்கிறாள். உங்கள் ஊரில்தானே நெப்போலியனுக்கு அப்புறம் ஐரோப்பாவைப் பங்கு போட்டார்கள் என்று போனில் கேட்டேன். "அப்படியா? எந்த வீட்ல?" என்றாள்.

எனக்கோ ஒவ்வொரு பாடமும் காய்ச்சல் மாதிரி ஏறும். பெர்லின் சுவர் விழுந்த அன்று எனக்கு வயது பதினெட்டு நாள். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. ஒரே ஒரு குறைதான். புத்தகம் முழுக்க வேறு யாரோ வீட்டுக் கல்யாணம். எங்கள் வீட்டு ஆள் பந்தியில்கூட இல்லை.

கடைசிப் பாடத்துக்கு வந்தோம். பக்கத்தின் அடியில் ஒன்றரை வரி: 1990 ஆகஸ்ட் 2, ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

"என்ன ரின்சி?" என்றார் டீச்சர்.

"டீச்சர், எங்க மம்மி அங்கதான் இருந்தாங்க!"

"இந்தக் கிளாஸ்ல பாதிப் பேரோட மம்மி அங்கதான் இருந்திருப்பாங்க. உக்காரு."

வகுப்பே சிரித்தது. ஆனால் டீச்சர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துலயே எழுதின காகிதம் ஏதாவது இருந்தா கொண்டா. இப்ப யோசிச்சுச் சொல்றது வேணாம். காகிதம் இருந்தா உன் ஆய்வேடு அதுதான்."

நான் பத்து மாசக் குழந்தையாக பப்பாவிடம் ஊரில் இருந்தேன். மம்மி குவைத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். இது எனக்குத் தெரியும். ஆனால் எப்போது கேட்டாலும் "ஒண்ணும் இல்ல, பஸ்ல வந்தோம், அப்புறம் ப்ளேன்ல வந்தோம்" என்பாள், ஏதோ பக்கத்து ஊர் திருவல்லாவுக்குப் போய் வந்த மாதிரி. அன்றைக்கு நான் விடவில்லை. குளித்துவிட்டு வந்தவளைக் குளியலறை வாசலிலேயே மறித்தேன்.

"காகிதமா? டியூட்டி நோட்டு இருக்கு" என்றாள். "அது பேஷன்ட் ரிப்போர்ட். உனக்கு எதுக்கு?"

பாஸ்போர்ட் ஃபைலுக்கு அடியிலிருந்து ஒரு நீல நோட்டு வந்தது. ஆஸ்பத்திரி இங்கிலீஷில் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள். பஸ் நம்பர் மூன்று. மொத்தம் ஐம்பத்து மூன்று பேர். குவைத்திலிருந்து பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. நான்கு நாள். இருக்கை பதினொன்று, கர்ப்பிணி, எட்டாம் மாசம், கால் வீக்கம், உயர்த்தி வைக்கச் சொன்னேன். இருக்கை இருபது, சர்க்கரை, இன்சுலின் தீர்ந்தது, பழமோ இனிப்போ கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். நடுவில் ஒரு வரி: சோதனைச் சாவடி, துப்பாக்கி, இரண்டு மணி நேரம், நோயாளிகள் அமைதியாக உள்ளனர்.

"மம்மி! பயமா இல்லையா? அதப் பத்தி ஒரு வரி கூட இல்லையே!"

"டியூட்டி ரிப்போர்ட்ல பயத்த எழுதினா மேட்ரன் கிழிச்சுப் போட்டுடுவாங்க."

அடுத்த பக்கங்களில் பேர்கள், பேர்களுக்கு நேரே டிக்குகள். பஸ்ஸில் தண்ணீர்ப் பொறுப்பு மம்மியிடம் இருந்ததாம். ஒரு வேளைக்கு ஆளுக்கு ஃபிளாஸ்க் மூடியால் ஒரு மூடி.

"பேரக் கூப்பிடணும், குடுக்கணும், டிக் போடணும். டிக் இல்லன்னா குடுக்கலன்னு அர்த்தம். இல்லன்னா சத்தம் போடறவன் ரெண்டு தடவ குடிச்சுடுவான்."

இதையேதான் சுலோசனா டீச்சரும் வேறு மாதிரி சொல்கிறார், காகிதத்தில் இல்லாததை நடந்ததாக எழுதாதே என்று! மம்மியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். ஈரத் தலையோடு என்னைத் தள்ளிவிட்டாள்.

மூன்று மாசம் அந்த நோட்டோடு வாழ்ந்தேன். பழைய பேப்பர்களைத் தேடி, தேதிகளை ஒப்பிட்டு, வரைபடம் போட்டு, அறுபது பக்கம் எழுதினேன். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு அசல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். மம்மி தரமாட்டேன் என்றுவிட்டாள். "பேஷன்ட் ரெக்கார்ட வெளிய குடுக்கற வழக்கம் இல்ல. நானே கொண்டு வரேன்." டியூட்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு என்னுடன் பஸ் ஏறினாள். கல்லூரி வராந்தாவில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே தாமோதரன் சார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடி மூக்கு நுனியில். சுலோசனா டீச்சர் பக்கத்தில் இருந்தார். நான் பேச ஆரம்பித்தேன், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சார் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பென்சிலை வைத்தார்.

"பஸ்ல எத்தன பேரும்மா?"

"ஐம்பத்து மூணு சார்."

"தண்ணி லிஸ்ட்ல எத்தன பேரு?"

"ஐம்பத்து மூ..." என்று ஆரம்பித்தேன். நான் எண்ணியே பார்க்கவில்லை. அறுபது பக்கம் எழுதியவள், ஒரு லிஸ்டை எண்ணவில்லை!

"ஐம்பத்து ரெண்டு. நாலு நாளும் ஐம்பத்து ரெண்டு. ஒருத்தரக் காணோம். இத நீ கவனிக்கவே இல்ல. ஒண்ணு உன் ஆவணம் நம்பற மாதிரி இல்ல, இல்லன்னா நீ அத ஒழுங்காப் படிக்கல."

எண்பது மார்க் என் கண் முன்னாலேயே ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. பெங்களூர் ஹாஸ்டலின் சாம்பார் வாசனை வந்தது. அசலைப் பார்க்கலாமா என்று சார் கேட்க, நான் ஓடிப்போய் மம்மியை உள்ளே கூட்டி வந்தேன்.

"இதுல ஒருத்தர் விட்டுப் போயிருக்காங்களே சிஸ்டர்" என்றார் சார். "வழியில இறந்துட்டாங்களா?"

மம்மிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் பஸ்ல யாரும் சாகல சார்."

நின்றபடியே நோட்டைத் திறந்தாள். விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். எங்கள் ஆஸ்பத்திரியில் அவள் கணக்குத் தப்பினதாக ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது நான்தான்" என்றாள் மெதுவாக.

"உங்க பேர ஏன் எழுதல?"

"டியூட்டியில இருக்கறவ பேஷன்ட் லிஸ்ட்ல எப்படி சார் வருவா? நாங்க யாருமே எழுத மாட்டோம்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "தப்புதான். இப்ப எழுதிடறேன்."

"மம்மி, தொடாதீங்க!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. "பழைய ஆவணத்துல இப்ப ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது!"

பேனா அந்தரத்தில் நின்றது. தாமோதரன் சார் முதல் தடவையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேறொன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வையும் மறந்தேன், சாரையும் மறந்தேன்.

"மம்மி, லிஸ்ட்டப் பார்த்துத்தானே தண்ணி குடுத்தீங்க?"

"ஆமா."

"உங்க பேரு இல்ல. டிக்கும் இல்ல."

மம்மி பேனாவை மூடினாள்.

"அப்ப நீங்க குடிச்சீங்களா?"

"கடைசியா அந்த மூடியக் கழுவுவேன்ல" என்றாள். "அந்தத் தண்ணி இருந்துச்சு."

சுலோசனா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் ஆய்வேட்டை இழுத்து, லிஸ்ட் இருந்த பக்கத்துக்கு அடியில், எழுதியது நான்தான் என்று தெரியும்படி என் பேரைப் போட்டு, அன்றைய தேதியும் போட்டு எழுதினேன்: ஐம்பத்து மூன்றாவது நபர், ஏலியாம்மா வர்கீஸ், நர்ஸ்.

"அப்ப நான் ஸ்டாஃப் நர்ஸ்" என்றாள் மம்மி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. திருத்தினேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மார்க் மதியத்துக்கு மேல்தான் வரும். சார் குறித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை, எழுபதா எண்பதா தெரியாது. எண்ணாமல் விட்ட முட்டாள்தனத்துக்கு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐம்பத்து ரெண்டு பேரும் நல்லபடியா ஊர் வந்து சேர்ந்தாங்க" என்றாள் மம்மி திடீரென்று. "கிறிஸ்துமஸுக்கு இப்பவும் போன் பண்றாங்க. ஒருத்தர் கூட, நீ குடிச்சியான்னு கேட்டதில்ல. உன் பப்பா கூடக் கேட்டதில்ல. நானும் யோசிச்சதில்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். நர்ஸ் கை, சோப்பு வாசனை.

"அந்த ஹைதராபாத் ஃபார்ம் எங்க?"

"மம்மி, மார்க் இன்னும் வரல."

"நான் மார்க்கக் கேக்கல. ஃபார்ம் எங்கடி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், ரிப்போர்ட் எழுதுகிற பழக்கத்தில், நேரத்தையும் எழுதினாள்: மதியம் 12.40.