வாட்ச்மேன் நின்ற இடம்

ஏரிக்கரையில் காசு கொடுக்காமல் வண்டி நிறுத்தப் பதினோரு இடங்கள் இருந்தன. எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று பலகையில் எழுதவில்லை. அதனால் சிலர் மாதக் கணக்கில் நிறுத்தினார்கள். நாணலை ஒட்டிய மூலை இடத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் நான்கு மாதமாக அசையாமல் நின்றது. கண்ணாடியெல்லாம் பறவை எச்சம், சக்கரங்களைச் சுற்றிச் சருகு. வருகிறவர்கள் அதன் சொந்தக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள்.

சொந்தக்காரி ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிந்ததும் பஸ்ஸில் வந்து இறங்கி, எட்டு மணிவரை அந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வைப்பரில் செருகியிருக்கும் சீட்டுகளைப் படிக்காமலே மடித்து டாஷ்போர்டு அறைக்குள் திணிப்பாள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவளும் இன்னொரு வண்டிக்கு அப்படி எழுதி வைத்தவள்தான்.

போன வருடம் அவள் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவரால் நாற்பது காலடிக்கு மேல் நடக்க முடியவில்லை. மூலை இடத்திலிருந்து தண்ணீர் ஓரத்து பெஞ்சுக்கு முப்பத்தொரு காலடி. மேட்டில் இருந்த கட்டண நிறுத்தத்திலிருந்து அறுநூறு. இரண்டையும் அவள் நடந்து எண்ணி வைத்திருந்தாள். ஆனால் மூலையில் எப்போதும் ஒரு நீல வேன் நின்றது. கெஞ்சி ஒரு சீட்டு எழுதி வைத்தாள், திட்டி ஒரு சீட்டு எழுதி வைத்தாள். வேன் நகரவில்லை.

ஒருநாள் வேன் எங்கோ கிளம்பிப் போன நேரம் பார்த்து, மெக்கானிக்கான அவள் தம்பி தன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினான். அதற்குப் பிறகு இவர்கள் வருகிற நாளெல்லாம் முன்னதாகவே வந்து நிற்பான். அக்காவுக்கு அவன் ஓட்டக் கொடுத்திருந்த வண்டி திருப்பத்தில் தெரிந்ததும் வெள்ளைக் காரை வெளியே எடுப்பான். அந்த இடத்தில் இவர்கள் நுழைவார்கள். திரும்பிப் போகும்போது மறுபடி வெள்ளைக் கார் உள்ளே போகும்.

"நம்ம வாட்ச்மேன் தூங்காம நிக்கிறாரா?" என்று வெள்ளைக் காரைக் காட்டிக் கேட்டுக்கொண்டேதான் அவர் இறங்குவார். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு திரும்பியதும், "ஸ்டாப்பிங் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க" என்பார்.

"இறங்க இங்க யாரு இருக்கா, உங்களையும் என்னையும் விட்டா?"

"உன் தம்பி இருக்கானே, ஓசி டிக்கெட்டு."

புதன்கிழமைகளில் அவளுக்கு முழுநாள் வேலை. வரமாட்டார்கள். ஆனால் ஒரு புதன்கிழமை காலையில் அவர் திடீரென்று, "இன்னிக்கு ஏரிக்குப் போலாமா?" என்றார். அவள் லீவு சொல்லிவிட்டு அழைத்துப்போனாள். வாட்ச்மேனைக் காணவில்லை. பேட்டரி மாற்றுவதற்காகத் தம்பி முந்தின நாள் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போயிருந்தான். மூலையில் நீல வேன் நின்றது. அவள் மூன்று முறை சுற்றினாள். ஹாரன் அடித்தாள்.

"விடும்மா. நாளைக்கு வருவோம்" என்றார் அவர்.

வேனுக்குப் பின்னால் அரைமணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வேனின் அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, ஒரு கீற்று தண்ணீர் தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

எல்லாம் முடிந்த மறுவாரம் அவள் தம்பியிடம், "அந்த வண்டிய அங்கயே கொண்டுபோய் நிறுத்து" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நீல வேன் கிளம்பும்வரை இரண்டு நாள் காத்திருந்து நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அவனைக் குறை சொல்லவில்லை. அதன்பிறகு அவனோடு பேசவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை டாஷ்போர்டு அறை மூடவில்லை. அழுத்தியபோது சீட்டுகள் மடியில் கொட்டின. ஒன்று மழையில் நனைந்து காய்ந்து மொடமொடத்துக் கிடந்தது. பென்சில் எழுத்து என்பதால் அழியவில்லை.

'யாருடைய வண்டியோ தெரியாது. என் அண்ணனால் அதிக தூரம் நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, ஒரே ஒரு மணி நேரம் இந்த இடத்தை விட முடியுமா? மூன்று வாரமாக வந்து திரும்பிப் போகிறோம். வண்டிக்குள் இருந்தே பார்க்கிறான். உங்கள் வண்டிதான் தெரிகிறது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மணி பார்த்தாள். எட்டேகால். சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். அதுவும் இல்லை.

தம்பிக்குப் போன் செய்தாள். எடுத்தவன் "அக்கா" என்றதும், "வண்டி கிளம்பல" என்றாள்.

பேட்டரி கேபிளோடு இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். பானெட்டைத் திறந்தான்.

"பேட்டரி மாத்தலையா நீ?"

"மாத்தத்தானே அன்னிக்கு எடுத்துட்டுப் போனேன். அப்புறம் அதத் தொட மனசு வரலக்கா."

அவன் கிளிப்புகளை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நான்தான் சொன்னேன். புதன்கிழம நாங்க வர்றதில்ல, எடுத்துட்டுப் போன்னு."

அவன் நிமிரவில்லை. "எனக்கு ஞாபகமில்லக்கா."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. நான்கு மாதமாக அதை அவன் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததும் அவளுக்குத் தெரியும்.

இருமிக்கொண்டே கார் கிளம்பியது. அவன் அதை மேட்டுக்கு ஓட்டிப் போனான். சருகு வேலி கட்டியதுபோல் நிற்க, நடுவே ஒரு காலி இடமும் ஒரு எண்ணெய்க் கறையும் மிஞ்சின. அவள் போய் அதன் நடுவில் நின்றாள்.

அடுத்த நிமிடமே ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. "நகருங்கம்மா. இடம் என்ன உங்க பேர்ல எழுதியிருக்கா?"

"ஒருத்தங்க வர்றாங்க."

"யாரு?"

"தெரியாது."

"நல்லாருக்கு போங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார்.

ஒன்பது ஆனது. ஒன்பதரையும் ஆனது. தம்பி மேட்டிலிருந்து நடந்து வந்தான். அவள் நீட்டிய சீட்டைப் படித்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"தேதி போடலையேக்கா."

"மழையில நனைஞ்சிருக்கு. கடைசியா எப்ப மழ பெஞ்சது?"

அவன் யோசித்தான். சொல்லலாமா என்றும் யோசித்த மாதிரி இருந்தது. "ரெண்டு மாசம் இருக்கும்."

அவன் சீட்டை மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கறைக்கு அந்தப் பக்கம், கோட்டின்மேல் போய் நின்றுகொண்டான்.

பத்து மணிக்கு மேல் வண்டிகள் கூடின. திருப்பத்தில் வருகிற ஒவ்வொரு வண்டியிலும் அவள் ஓட்டுகிறவரைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.