வயிறு தள்ளின எழுத்து

அமிர்தநாயகம் அண்ணை புது வள்ளம் வாங்கினார். அதற்குப் பெயர் தேட என்னிடம் வந்தார். கொழும்பில் ஒரு கம்பனியில் இரவு வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில் திட்டுவதைக் கேட்பதுதான் வேலை. பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தேன். திட்டு வாங்கிய மொழி எனக்கு நன்றாகத் தெரியும் என்பது ஊரின் முடிவு.

மன்னாரில் எங்கள் கரை வள்ளங்களுக்குப் புனிதர்களின் பெயர்தான். அண்ணையின் பழைய வள்ளத்தோடு அந்தோனியார் மட்டும் மூன்று. ஏலம் கூறும் மீராசாஹிபு “அந்தோனியார்” என்று கூப்பிட்டால் மூன்று பேர் ஓடுவார்கள். போன மாசியில் அண்ணையின் நண்டு வேறொரு அந்தோனியாரின் பெயரில் விலைபோனது. எவருடைய வலை என்று நண்டுக்குச் சொல்லத் தெரியாது.

“இனி வேறை ஒருத்தனிட்டையும் இல்லாத பேராய் இருக்கவேணும்,” என்றார். “இங்கிலீசுச் சொல்லு. பிள்ளையளின்ரை முதலெழுத்து எல்லாம் உள்ளுக்கை நிக்கவேணும்.”

“என்னென்ன எழுத்து?”

“வலன்ரைன், லூசியா, எட்வேட். வி, எல், ஈ.”

அவருக்குப் பிள்ளைகள் நான்கு. மூத்தவள் டெல்பின், பாப்பாமோட்டையில் வயல் செய்யும் சீவரத்தினத்தின் மகனோடு போய்விட்டாள். நாங்கள் கத்தோலிக்கர், அவன் சைவப் பெடியன். அன்றிலிருந்து அண்ணை சோற்றில் கை வைக்கும் முன் அரிசி எந்த ஊர் என்று கேட்பார். பாப்பாமோட்டை என்றால் எழும்பிவிடுவார்.

“நாலெல்லோ, அண்ணை?”

“நான் சொன்னதை அடி.”

எழுத்துகளைக் கொடுத்தால் அவை வரும் சொற்களையெல்லாம் கொட்டும் இணையத்தளம் ஒன்று உண்டு. போனில் அடித்தேன்.

“ஈவில். தீமை.”

“பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிக்க வாறார், தம்பி. அடுத்ததைச் சொல்லு.”

“ட்ராவல். பயணம்.”

“ராமேஸ்வரத்துக்கு ஆள் ஏத்துறன் எண்டு நேவி நினைக்கும்.”

“சில்வர்.”

“நானென்ன சட்டி பானையோ விக்கிறன்?”

“லவ்.”

அண்ணை என்னைப் பார்த்தார். டெல்பினை வெளியே விட்டுத் தேடினாலும் அவள் போன காரணம் உள்ளே வந்து நின்றது.

“உந்தச் சொல்லை அழி.”

“அழிக்கேலாது, அண்ணை. இங்கிலீசிலை இருக்கு.”

“இங்கிலீசிலை இருக்கட்டும். என்ரை வள்ளத்திலை இராது.”

கடைசியில் லெவல் அவருக்குப் பிடித்தது. எல், ஈ, வி, ஈ, எல். எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் ஒன்றுதான் என்றேன்.

“வள்ளமும் அப்பிடித்தானே. போகவும் வேணும், திரும்பி வரவும் வேணும்.”

அவர் போய்ச் சற்று நேரத்தில் அவருடைய மனைவி திரேசம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார்.

“தம்பி, நாலாம் எழுத்தையும் போட்டுத் தேடு. மகளின்ரை எழுத்து இல்லாட்டி நான் மாலை கட்டமாட்டன்.”

புது வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், வீட்டுக்காரிதான் மாலை கட்டவேண்டும். கட்டாத வள்ளத்தில் எங்கள் கரையில் எவனும் தொழிலுக்கு ஏறமாட்டான்.

“டெல்பின் வருவாளோ, அக்கா?”

“எழுத்து இருந்தா வாறன், இல்லாட்டிப் பிள்ளை பிறந்தாலும் வரமாட்டன் எண்டவள். தகப்பன்ரை பிடிவாதம்.”

“டி எப்பிடி இருக்கும், தெரியுமோ?”

“ஏன் தெரியாது? பள்ளிக்கூடப் பையிலை நான்தானே தைச்சுவிட்டனான். வயிறு தள்ளின எழுத்து. இப்ப அவளும் அப்பிடித்தான் நிக்கிறாள்.”

நாலு எழுத்தையும் அடித்தேன்.

“டெவில். பிசாசு.”

“அது தகப்பன். மற்றதைச் சொல்லு.”

“டெலிவரி.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வள்ளத்துக்கு எப்ப நாள் எண்டு கரை முழுக்கக் கேக்கும்.”

“டெவலப்மென்ற். அபிவிருத்தி.”

“அதுக்கு மந்திரி வந்து நாடா வெட்டவேணும்.”

“பிலவ்ட். அன்புக்குரிய. கல்லறையிலை எழுதுறது.”

“நாசமாய்ப் போக உன்ரை இங்கிலீசு,” என்று எழும்பினார். “நான் பாக்கிறன்.”

என்ன பார்க்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நித்திரை வந்தது.

சனிக்கிழமை உப்புக்குளத்திலிருந்து பெயர் எழுதும் அபூசாலி வந்து, நீல இங்கிலீசு எழுத்தில் லெவல் என்று எழுதிவிட்டுப் போனான். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கரைக்குப் போனபோது, நீல எழுத்துகளின் கடைசியில் சிவப்பில் ஒரு டி நின்றது. மற்றவற்றைவிட ஒரு சாண் பெரியது.

“அபூசாலி, இதென்னடா?” என்றார் அண்ணை, கூட்டத்தில் நின்றவனிடம்.

“அக்கா நேற்றுப் பின்னேரம் வந்து ஒரு எழுத்துக் குறையுது எண்டவ. நீலம் முடிஞ்சுபோச்சு, அண்ணை.”

திரேசம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். சற்றுத் தள்ளி ஆட்டோவுக்குப் பக்கத்தில் டெல்பின் நின்றாள், வயிற்றோடு. அவள் புருஷன் தோளில் ஒரு அரிசி மூட்டை. இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

“சுரண்டு,” என்றார் அண்ணை.

“சுரண்டலாம்,” என்றார் மீராசாஹிபு. “ஆனா வெறும் லெவல் எண்டு பேசாலையிலை ஒண்டு நிக்குது.”

“எப்ப தொடக்கம்?”

“வருசப்பிறப்பிலை இருந்து. அங்கையும் நான்தானே ஏலம் கூறுறன்.”

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உண்மையைச் சொல்லு. உந்த டி போட்ட சொல்லு இங்கிலீசிலை இருக்கோ?”

போனில் அடித்துப் பார்த்தேன். சுவாமி தீர்த்தச் செம்போடு காத்து நின்றார். டெல்பின் என்னையே பார்த்தாள். இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இல்லாத பொருளை இருக்கிறது என்று சொல்லித்தான் கொழும்பில் சம்பளம் வாங்கினேன். மறுபடி வாய் வரவில்லை.

“இல்லை, அண்ணை. ஒரு இடத்திலையும் இல்லை.”

திரேசம்மா என்னை நாறல் மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அண்ணை அந்தச் சிவப்பு எழுத்தின் கிட்டப் போனார். விரலால் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

“ஒரு இடத்திலையும் இல்லையெண்டா, வேறை ஒருத்தன்ரை வள்ளத்திலையும் இராது.”

“இராது.”

“அப்ப கிடக்கட்டும். அதுதானே நான் கேட்டது.” மனைவியிடம் திரும்பினார். “மாலையைக் கட்டு. சுவாமி எவ்வளவு நேரம் நிக்கிறது?”

திரேசம்மா கட்டினார். அண்ணை மகளைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தார்.

“அது எந்த ஊர் அரிசி?”

“பாப்பாமோட்டை, மாமா,” என்றான் மருமகன்.

“தெரியும். ஈரத்திலை வைக்காதை. வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கு.”