எட்டு இடம் தள்ளி

ஆஸ்பத்திரியில் மருந்தை அளந்து செலுத்தும் பம்புகளுக்கு நிரல் எழுதும் அலுவலகம் அது. அங்கே அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எதையாவது பிடித்தால் விடமாட்டாள். நிரல் எழுதும் குழுவின் தலைவி அவளுடைய அண்ணி. அவளை அந்த வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னவளும் அண்ணிதான்.

எறும்பின் பொறுப்பில் இருந்தது நிரலில் பிழை தேடும் கருவி. அது நிரலைக் கிளைகிளையாகப் பிரித்து ஒரு மரமாக்கும். மரத்தின் எந்தக் கிளையில் பழுது தெரிகிறதோ, அது மூல நிரலில் எந்த வரி என்று காட்டும். புதன்கிழமை காலை, ஓரிடத்தில் உச்ச வரம்பைப் பார்க்காமலே மருந்தின் வேகம் மாற்றப்படுகிறது என்று எச்சரித்தது. காட்டிய வரியில் இருந்ததோ திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் கட்டளை.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை பம்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். எச்சரிக்கை பொய் என்று மேலிடத்துக்கு எழுதியும் விட்டாள்.

"இடம் தப்பா இருக்கலாம், அண்ணி. அதுக்காகப் பிழையே இல்லைன்னு ஆயிடுமா?"

"காட்டின இடத்துல இல்லாததை நான் எங்க போய்த் தேடறது? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாரு. அப்புறம் மூடிடு."

வேகம் மாறும் இடங்கள் அந்த நிரலில் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் இருபதைக்கூடத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அண்ணியும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அவள் நிரலை விட்டுவிட்டுக் கருவியைச் சோதித்தாள். நாலே வரியில் ஒரு நிரல் எழுதினாள். கருவி சரியான இடத்தைக் காட்டியது. அண்ணி தன் நிரலில் எழுதுவதுபோல, மேலே 'அளவு' என்று, படிப்பவருக்காக மட்டும், தமிழில் ஒரு குறிப்பைச் சேர்த்தாள். இப்போது எட்டு எழுத்து இடம் தள்ளிக் காட்டியது. குறிப்பை எடுத்தாள், சரியானது. மறுபடி சேர்த்தாள், அதே எட்டு.

நமக்கு 'அளவு' மூன்றெழுத்து. கணினி உகரக் குறியைத் தனியாக எண்ணி நான்கு என்னும். சேமிக்கும்போது ஒவ்வொன்றும் நினைவகத்தில் மூன்று பைட் இடம் பிடிக்கும், ஆகப் பன்னிரண்டு. மரம் பைட்டை எண்ணியது, வரியைக் காட்டும் பகுதி எழுத்தை எண்ணியது. பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. அண்ணியின் நிரலில் பக்கம் பக்கமாகத் தமிழ்க் குறிப்புகள். ஒவ்வொன்றும் சேரச் சேர, காட்டும் இடம் விலகிக்கொண்டே போயிருக்கிறது.

குறிப்புகளை அழித்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அவள் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொருவர் குறிப்பு எழுதினால் மறுபடி வழுக்கும். இரண்டு பக்கமும் பைட்டையே எண்ணும்படி கருவியைத் திருத்திவிட்டு, நிரலை மறுபடி ஓட்டினாள். அதே எச்சரிக்கை, அறுபது வரிக்கு முன்னால் போய் நின்றது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் வேகத்தை மாற்றினால் என்ன செய்வது என்ற இடம் அது. தொடங்கும்போது பார்க்கிற உச்ச வரம்பை அங்கே யாரும் பார்க்கவில்லை. ஒரு சுழியம் கூடுதலாக அழுத்தினால் பத்து மடங்கு மருந்து இறங்கும்.

எழுதியது அண்ணி. எறும்பு கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணியின் அறைக்குப் போனாள்.

அண்ணி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு சோதனைப் பம்பை ஓடவிட்டு, ஐந்துக்குப் பதில் ஐம்பது என்று அழுத்தினாள். பம்பு மறுக்காமல் வேகமெடுத்தது. அண்ணி அதை நிறுத்தினாள்.

"மேலிடத்துல நீ பேச வேண்டாம். எழுதினதும் நான், பொய்னு சொன்னதும் நான். நானே போய்ச் சொல்றேன்."

பம்பு மூன்று வாரம் தள்ளிப் போனது. மேலிடத்தில் அண்ணிக்கு நல்ல வசவு கிடைத்தது. அதை அவள் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை எறும்பின் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொய் என்று இதற்கு முன்பு மூடிய எச்சரிக்கைகள் முப்பத்தொன்று இருந்தன.

"எல்லாத்தையும் திற. முதல்ல இருந்து பார்ப்போம்."

அவற்றில் இரண்டு நிஜம்.