ராணிக்குப் போட்ட ஊசி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இலங்கையில், ரம்புக்கனை ஸ்டேஷனில். ரயிலுக்குக் காத்திருந்தபோது மிருக வைத்தியர் பவாஸ் ஒரு நாய் செத்த கதையைச் சொன்னார். அவர் சொன்னது விஞ்ஞானம். நாயைப் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்று இடையில் சொன்னாரே, என் காது அங்கேயே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: அரநாயக்க மலையில் மழை பிடித்துக்கொண்ட அன்று புஷ்பம்...

வேண்டாம். பழி மழைமேல் போய்விடும்.

2

புஷ்பம் மலைத் தோட்டத்துத் தொரை பங்களாவில் சமையல்காரி. தொரையின் நாய் ராணிக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்கு மோர்பின் ஊசி போட பவாஸ்தான் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தார். தினமும் அவள் சமைக்கும் குசினி மூலையில், அதே சாக்கின்மேல் ராணியைப் படுக்க வைத்துப் போடுவாள். மருந்து பழகப் பழக அளவும் கூடிக்கொண்டே போனது.

தம்பி சசி குடு என்கிற ஹெரோயின் பழக்கத்தை விட்டுவிட்டு ரம்புக்கனையில் ஒரு கராஜில் வேலை செய்தான். அக்காவைப் பார்க்க அடிக்கடி பங்களாவுக்கு வருவான். (இவன் நல்லவனா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.)

மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் புஷ்பம் ராணியை வேனில் ஏற்றிக்கொண்டு சசியின் அறைக்குப் போனாள். பழைய போத்தல் முடிந்திருந்தது. புதியதைத் திறந்து வழக்கமான அளவையே போட்டாள். சற்று நேரத்தில் ராணியின் மூச்சு மெதுவாகி, நின்றே போனது.

3

"ஒங்கட பிழ இல்ல புஷ்பம்," என்றார் பவாஸ், போனில். "அந்தக் குசினியையும் சாக்கையும் கண்டாலே ஊசி வருதுண்டு நாய்ட ஒடம்புக்குத் தெரியும். மருந்த எதிர்க்க முந்தியே தயாராகிரும். புது எடத்துல அந்த அடையாளம் ஒண்டுமில்ல. அதே அளவு, தாங்க ஏலாமப் போயிருக்கும். எலிகள வச்சும் இதப் பாத்திருக்காங்க."

புஷ்பம் நம்பினாள். பிறகு புதிய போத்தலைப் பார்த்தாள். பழையதில் யாரோ மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால்? ராணி தண்ணி மருந்துக்குத்தானே பழகியிருக்கும். புதியதன் முழு வீரியமும் கொல்லாதா?

(பழைய போத்தலைச் சோதனைக்கு அனுப்ப என்னால் முடியும். ஆனால் புஷ்பம் அதை எறிந்துவிட்டாள். அவளுக்குக் கிடைக்காத உண்மையை நான் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?)

4

கராஜுக்குப் பின்னால் ராணியைப் புதைத்துவிட்டு வந்த சசியிடம், "கையக் காட்டுடா," என்றாள்.

சட்டைக் கையைச் சுருட்டினான். தழும்புகள். எது பழசு, எது புதுசு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"நான் தொடலக்கா. டாக்டர் சொன்னது நெசம். பழைய கூட்டாளிங்க நிக்கிற சந்தியப் பாத்தாலே எனக்கு ஒடம்பு நடுங்கும். அதனாலதான் ஊர விட்டே வந்தேன்."

டாக்டர் சொன்னதோடு அது அப்படியே ஒத்துப்போனது. குசினியில் மோர்பின் போத்தலைக் கண்டாலும் அவன் உடம்பு அப்படித்தானே நடுங்கியிருக்கும்? அதுதான் அவளுக்குப் பயத்தைக் கூட்டியது.

5

சசி குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். என் வேலை சுலபமானது, அவ்வளவுதான். புஷ்பம் மன்னிப்புக் கேட்பதாக இன்னொன்று. அதிலும் அவள் பார்வை அவன் கையை விட்டு நகரவேயில்லை.

மழை விட்டு மலைப் பாதை திறந்த அன்று, பங்களாவுக்குத் திரும்பும் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு சசி கேட்டான்: "இனிமே பங்களாப் பக்கம் வரலாமாக்கா?"

'வாடா' என்று எழுதினேன். அவள் பொய் சொல்வதுபோல் இருந்தது. 'வராத' என்று எழுதினேன். பொய் சொல்வது நானோ என்று பட்டது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

டிரைவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். சசி இன்னும் கதவை விடவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.