கறையில்லாத கைக்குட்டை

சில வாரங்களாகப் புருஷனின் கைக்குட்டைகள் சுத்தமாக வந்தன. துவைக்கப் போடும்முன் அவள் ஒவ்வொன்றையும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வியர்வை இருந்தது, கண்ணாடித் தூசி இருந்தது, டீக்கறை இருந்தது. ரத்தம் மட்டும் இல்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் மடித்ததை மறுபடி விரித்து ஓரமெல்லாம் தேடினாள்.

அவனுக்குக் கண்ணாடி வெட்டும் வேலை. கடையில் ‘வைரக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வருடம் முன்பு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது என்று போனபோது, இப்படித் தாளம் தப்பினால் இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்றார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்கக் காலையும் இரவும் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. அன்றிலிருந்து சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காமல் கைக்குட்டையை நனைத்துவிடும். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லாத மாத்திரை என்பதில் அப்போது இருவருக்கும் நிம்மதி. இப்போது அதுவே வினையாயிற்று. அவன் விழுங்குகிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அட்டையில் மாத்திரைகள் ஒழுங்காகத்தான் குறைந்தன. அட்டையைக் காலி செய்ய வாய் எதற்கு, விரல் போதுமே.

அவள் பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்காருபவள். பல் பிடுங்க வருகிறவர்களிடம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது அவள் வேலை. இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, பிறகு பஞ்சைக் கடித்தபடி அரை நாள் உட்கார்ந்திருந்த ஆட்களை அவளுக்குத் தெரியும். ஊரார் பொய் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் எப்படிக் கேட்பது? சந்தேகம் தப்பாகிவிட்டால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

ஒரு மதியம், போட்டோவுக்குக் கண்ணாடி போடுகிற சாக்கில் கடைக்குப் போனாள். யாரோ ஒருவருடைய அலமாரிக் கண்ணாடியில் அவன் ரத்தம் சொட்டிய நாளிலிருந்து முதலாளி அவனைப் பார்சல் கட்ட உட்கார்த்தியிருந்தார். ஆனால் அவன் வெட்டும் மேசையில் நின்றுகொண்டிருந்தான். கையில் உறைகூட இல்லை. முகத்தில் பழைய களை. அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, இந்த மனுஷன் எவ்வளவு நன்றாயிருக்கிறான் என்றும் தோன்றித் தொலைத்தது.

“வீட்டுக்காரருக்கு உடம்பு தேறிடுச்சும்மா,” என்றார் முதலாளி. “கீறல் பட்டாக்கூட உடனே காஞ்சிடுது.”

“அப்படியா,” என்றாள்.

அன்று சாப்பாட்டின்போது முன்மேசைக் குரலிலேயே கேட்டாள். “மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“சாப்பிடாம?”

“கீறல் உடனே காயுதாமே.”

அவன் தட்டிலேயே கண்ணாக இருந்தான். “பார்சல் யார் வேணா கட்டுவாங்க. அதுக்கு நான் எதுக்கு?”

“விழுந்துட்டீங்கன்னா அந்தப் பார்சலும் கட்ட முடியாது. உங்களைத் தூக்கி உக்கார வைக்க எனக்குத் தெம்பில்லை.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டினான். “போதுமா, போலீஸ்?” அவள் அழுகையோடு சிரித்தாள்.

அதன்பின் இரவு மாத்திரை அவள் கண்முன்னே போயிற்று. காலை மாத்திரை நேரத்தில் அவள் பஸ்ஸில் இருப்பாள். அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மறு வாரம் அவன் விரலில் பிளாஸ்டரோடு வந்தான். கைக்குட்டை முழுக்க ரத்தம். “நிக்கவே மாட்டேங்குது,” என்று ஏதோ பரிசு வாங்கி வந்தவன் மாதிரி நீட்டினான். “மாத்திரை வேலை செய்யுது. சந்தோஷமா?”

சந்தோஷமாகத்தான் இருந்தது. கைக்குட்டையை ஊறப்போடும் வரைக்கும் இருந்தது. பிறகுதான் உறைத்தது: காயம் இடது கைச் சுண்டுவிரலில். வெட்டுகிற வேலைக்கு வேண்டாத ஒரே விரல். எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து வெட்டத் தெரிந்த கை அவனுடையது. ஆழமாக வெட்டினால் யாருக்குத்தான் ரத்தம் கொட்டாது?

அவள் பஞ்சோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“எதுக்குப் பிரிக்கிற? நின்னுடுச்சு.”

“இப்பதானே நிக்கவே மாட்டேங்குதுன்னீங்க.”

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காய்ந்திருந்ததைத் துடைத்தாள். நேர்த்தியான ஒரு கோடு தெரிந்தது. விரலை விளக்குக்குக் கீழே கொண்டுவந்து மெல்ல அழுத்தினாள். ரத்தம் வரட்டும், கடவுளே, வரட்டும். இருவரும் தலை முட்டும் அளவுக்குக் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.