ஹீராவின் மணிக்கட்டு

செவ்வாய்க்கிழமைகளில் நான் லண்டன் வெம்பிளி நூலகத்து மாடியில் ஆங்கிலம் படிப்பதாகத்தான் என் கணவர் பிரியந்தனுக்கு நினைப்பு. நான் படித்ததோ கிரேக்கரின் பழங்கதைகளை. இலவச வகுப்பு, ஐந்தே பேர். இந்த ஒரு பொய்க்காக வாரம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்று ஆசிரியை ஏஞ்சலா ஹீராவின் கதையைச் சொன்னார். தேவர்களின் அரசன் சீயஸ், கோபத்தில் மனைவி ஹீராவின் மணிக்கட்டுகளைப் பொன்சங்கிலியால் கட்டி, காலில் கொல்லர் இரும்படிக்கும் கனத்த பட்டடைகள் இரண்டை மாட்டி, வானத்தில் தொங்கவிட்டானாம்.

“பிறகு வந்த தத்துவஞானிகளுக்கு இது கூச்சமாக இருந்தது,” என்றார். “கடவுள் இப்படிச் செய்வானா? அதனால் விளக்கம் சொன்னார்கள். சீயஸ் மேலே உள்ள நெருப்பு, ஹீரா காற்று, பட்டடைகள் நிலமும் கடலும். யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலும் விளக்கத்துக்குக் குறைவில்லை. “தம்பிக்கு ஏழரைச் சனி. கொஞ்சம் பொறும் பிள்ளை, எல்லாம் சரிவரும்,” என்பார் பிரியந்தனின் அக்கா நாகேஸ்வரி. நானும் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தேன். கிரகம் வானத்தில் இருக்க, அடி எப்படி எங்கள் சமையலறைக்குள் விழுகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அப்போது ஃபோனில் செய்தி வந்தது. “இண்டைக்கு இங்கிலீஷ் வகுப்பே இல்லையாம். கீழ நிக்கிறன். இறங்கி வா.”

சன்னலால் எட்டிப் பார்த்தேன். வாசலில் பிரியந்தன் மாடியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், தாரகா?” என்று ஏஞ்சலா கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “அவளுக்குக் கை நொந்திருக்கும் மிஸ். விளக்கமெல்லாம் பிறகுதான் வந்தது.”

அவர் கண் என் மணிக்கட்டில் கன்றிக் கிடந்த தடத்துக்குப் போனது. சட்டைக்கையை இழுத்துவிடப் பார்த்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு, அதே அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“கீழ என்ர மனுசன் நிக்கிறார். அவர் எனக்கு அடிக்கிறவர். இண்டைக்கும் அடிப்பார். எனக்குப் போகப் பயமாக் கிடக்கு.”

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது, எனக்குத் தெரிந்த காலடி. ஏஞ்சலா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைப் பூட்டினார்.