ஓசியில் அறுபது முகங்கள்

1

ஒரு சொல்லால் வந்த வினை இந்தக் கதை. மொண்டேவிடியோவில் பேசும் ஸ்பானிஷில் ‘முவெஸ்ட்ரா’ என்றால் கண்காட்சி. கடைக்காரர் கொடுக்கும் சாம்பிளுக்கும் அதே பெயர்தான். பதினாறு வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், ஒரு நாளும் இது எனக்கு உறைக்கவில்லை. போன சனிக்கிழமை பழைய வாசனைத் திரவியக் கடை ஒன்றின் கண்ணாடியில் ‘முவெஸ்ட்ரா இலவசம்’ என்று பார்த்ததும், காலிப் பையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். (வெட்கமா? கொஞ்சம்.)

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் நாஹிர் தன் கனவுகளை—’

சீ, வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.

மறுபடியும். நாஹிர் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். அவளும் நான்கு கூட்டாளிகளும் ஒரு வணிக வளாகத்தில் பூட்டிக் கிடந்த ஐந்து கடைகளைக் கண்காட்சி வைக்கக் கெஞ்சி வாங்கியிருந்தார்கள். மேலாளர் வில்மார் கறாராகச் சொல்லிவிட்டார்:

“சனிக்கிழமை பார்ப்பேன். ஜனம் வந்தா மாசம் முழுக்க வச்சுக்குங்க. ஈ ஓட்டுனீங்க, ஞாயித்துக்கிழமை ஷட்டரை இறக்கிடுவேன்.”

சீட்டுக் குலுக்கியதில் நாஹிருக்கு விழுந்தது அந்த வாசனைக் கடை. வளாகத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களை வருடம் முழுக்க வரைந்து, அறுபது சோப்புக் கட்டிகளில் அறுபது முகங்களாகச் செதுக்கி அடுக்கியிருந்தாள். ஐந்து மணிக்கு ஆசிரியர்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில்தான் அவள் பட்டம்.

கண்ணாடியில் நான் பார்த்த சுவரொட்டியை எழுதியதும் அவள்தான். நீலமா சிவப்பா என்று ஒரு வாரம் சண்டை போட்ட ஐவரில் ஒருவராவது வாசகத்தைப் படித்திருக்கலாம்.

3

(நாஹிரைக் கூச்சக்காரியாக எழுத ஆசைப்பட்டேன். கூச்சக்காரி அந்நியர் மூஞ்சியை வருடக்கணக்கில் முறைத்துப் பார்ப்பாளா? விட்டுவிட்டேன்.)

மூன்று மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் தெருமுனை வரை வரிசை.*

“கலைக்கு இவ்வளவு கூட்டமாடி!” என்று குதித்தான் கூட்டாளி லெயாந்த்ரோ.

வரிசையில் முதல் ஆள் நெல்லி அம்மாள். கக்கத்தில் மாத்தே என்ற இந்த ஊர் மூலிகைத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவை.

“வறண்ட தோலுக்கு எதும்மா? எல்லாம் ஓசின்னுதானே போட்டிருக்கு?”

லெயாந்த்ரோ காதைக் கடித்தான்: “அடிப்பாவி, என்னடி எழுதித் தொலைச்ச?”

கொடுத்தால் ஐந்து மணிக்குக் காலித் தட்டு, அவள் பட்டம் போச்சு. மறுத்தால் ஜனம் திட்டிக்கொண்டு கலையும், ஐந்து பேரின் கண்காட்சியும் போச்சு.

* அந்த வரிசையில் இருபத்துமூன்றாவது ஆள் வில்மார். சத்தியமாக! அவர் கையிலும் பை.

4

முடிவுகள் மூன்று யோசித்தேன். ஒன்று: அவள் அழுகிறாள், ஜனம் மனமிரங்குகிறது. (சினிமா.) இரண்டு: வரிசையிலிருந்து நான் முன்னே போய்க் கலை என்றால் என்ன என்று விளக்க— (நான் வாயே திறக்கவில்லை.) மூன்றாவது, நடந்தது.

நெல்லி அம்மாள் ஒரு கட்டியை எடுத்து மோந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தாள்.

“இது நான்தானே?”

நாஹிர் தலையாட்டினாள்.

“ஏம்மா, நான் இவ்வளவு கடுகடுன்னா இருக்கேன்?”

“அன்னிக்கு பஸ் நாப்பது நிமிஷம் லேட்டும்மா.”

வரிசையே கொல்லென்று சிரித்தது. “அப்ப என்னுதைக் காட்டு!” என்று முண்டியடித்தார்கள். “இது எங்க பக்கத்து வீட்டுக்காரன், அதே திருட்டு முழி!” “என் மூக்கு இவ்வளவு பெருசா?” “ஐயா, சோப்பு பத்தாமத்தான் சின்னதா செதுக்கியிருக்கா!”

ஒரு வருடமாக இந்த முகங்களைப் பார்த்தவள் நாஹிர். அவை தன்னைப் பார்த்துச் சிரிப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் கத்திவிட்டாள்:

“எடுத்துக்குங்க! அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க எடுத்துக்குங்க!”

தன் முகம் கிடைக்காதவர்கள் தெரிந்தவர் முகத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு பஸ் நடத்துநர் கிடைத்தார்.

5

நாலே முக்காலுக்குத் தட்டுகள் காலி. வில்மார் சாவியை மாதம் முழுக்க வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார், “என்னை மட்டும் ஏன் செதுக்காம விட்டே?” என்ற கோபத்தோடு. ஆசிரியர்கள் படியேறி வருகிறார்கள். நாஹிர் காலித் தட்டுகளுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறாள்.

அவர்கள் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்கள் போடுங்கள், இந்த ஊர் வழக்கப்படி பன்னிரண்டுக்கு. அதற்கு முன் ஒரு தகவல். நேற்று பஸ் நிறுத்தத்தில் நெல்லி அம்மாளைப் பார்த்து, சோப்பு எப்படி என்று கேட்டேன்.

“யாரு போட்டா? தேஞ்சு போயிடுமே தம்பி” என்றாள்.